போகையில் ஆறு, வருகையில் இரண்டு

1961 அக்டோபர் 3, செவ்வாய்

துணி எதுவும் காயவில்லை. இஸ்தோப்புத் திண்ணைக் கொடியில் தொங்குவதெல்லாம் தொட்டால் மீன் மாதிரி குளிர்கிறது. மருமகள் வடிவு ஈரச் சேலையைச் சுற்றிக்கொண்டே தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனாள். இருமல் விடவில்லை. சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்தேன், பாதி குடித்தாள்.

யோகேஸ்வரி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, "சமமான நேரத்துல சமமான தூரம், சமமான நேரத்துல சமமான தூரம்" என்று பஜனை பாடுகிற மாதிரி பாடிக்கொண்டிருந்தாள். என்னடி இது என்றேன். பௌதிகமாம். சீரான கதியாம். ஒரு பொருள் ஒவ்வொரு நிமிஷத்திலும் ஒரே அளவு தூரம் போனால் அதற்குச் சீரான கதி. போன தூரத்தைப் போன நேரத்தால் வகுத்தால் கதி என்னவென்று வந்துவிடும்.

வகுத்தல் எனக்கு நன்றாக வரும். என் காலத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு முடிந்தது. அஞ்சு வரைக்கும் கணக்கில் நான்தான் முதல். அதற்கு மேலே ஒரு வகுப்பு இருந்திருந்தால் — சரி, இல்லை. இதை எழுதி என்ன ஆகப்போகிறது.

இவள் எட்டாவது. என் மகன் செல்லசாமி பெற்றவள். இந்த லயத்து வரிசை வீடுகளில் எட்டாவதை எட்டிப் பார்த்த முதல் பெண்பிள்ளை. இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை.

அக்டோபர் 5, வியாழன்

இன்று வீட்டுக்குள் நடந்த கூத்து.

வடிவின் காலில் ஒட்டிக்கொண்டு ஒரு அட்டை வந்துவிட்டது. நான் உப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தால் இந்தப் பெண் குறுக்கே விழுந்து மறிக்கிறாள். "அப்பாயி, அதக் கொல்லாதீங்க, அதோட கதிய அளக்கணும்!" அட்டையை ஒரு ஈர்க்குச்சியில் எடுத்து, பலகையில் விட்டு, பக்கத்தில் அடிமட்டத்தை வைத்தாள். நான் ஒன்று, இரண்டு என்று ஒரே நிதானமாக எண்ண வேண்டுமாம். ஒவ்வொரு அங்குலத்துக்கும் எத்தனை எண்ணிக்கை என்று அவள் எழுதிக்கொள்வாளாம்.

அந்தச் சனியன் ஒரு அங்குலம் போகும், நிமிர்ந்து நின்று தலையை ஆட்டி மோப்பம் பிடிக்கும். யார் ரத்தம் ருசி என்று யோசனை போலிருக்கிறது. பிறகு ஒரே தாவாக இரண்டு அங்குலம்.

"வேகம்னா ரயிலு மாதிரி ஓடணும்டி. இது என்னத்த ஓடுது?" என்றேன்.

"மெதுவாப் போனாலும் அதுக்கு ஒரு கதி இருக்கு அப்பாயி. ஆனா இது நின்னு நின்னு போவுதா, அதனால சீரான கதி இல்ல. மெதுவாப் போறது தப்பில்ல, ஒரே மாதிரி போகணும். அதுதான் சீரு."

மெதுவாகப் போவது தப்பில்லை என்றாள். சின்ன வாயில் என்ன பேச்சு. அட்டையை வடிவு செருப்பால் ஒரே அடி. அதன் கதி அத்தோடு முடிந்தது.

அக்டோபர் 6, வெள்ளி

மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். மனசுக்குள் என் பேத்தி பேரை மட்டும் சொன்னேன். மற்றவர்கள் பேரை அடுத்த வெள்ளி சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 8, ஞாயிறு

யோகேஸ்வரி போகிற டவுன் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. பொங்கலுக்குப் பிறகு ஹட்டனில் விஞ்ஞான வகுப்புக்குப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். இங்கிருந்து இரண்டு பேர்தான். யார் யார் என்று பேர் கொடுக்கப்போவது இவளுடைய லெட்சுமணன் மாஸ்டர்.

செல்லசாமி சோற்றில் கை வைத்தபடியே முடிவைச் சொன்னான்: "மாஸ்டர் பேரு குடுத்தாருன்னா போகட்டும். நான் தடுக்கல. குடுக்கலேன்னா பொங்கலுக்கு மறுநாளு பெரட்டுல நிறுத்தி பேரு பதிஞ்சிருவோம். பதினாலு முடிஞ்சிருச்சுல்ல."

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் பதிந்துவிட்டால் அப்புறம் கூடைதான், கொழுந்துதான், என் வயசு வரைக்கும்.

வடிவு விரல் வெடிப்புகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். செல்லசாமி கை கழுவப் போன பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "அத்தே, என் கூடைய அவ முதுகுல பாக்கவா நான் பெத்தேன்?" என்றாள்.  எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி அவள் இடது கைக்கு நான் தடவிவிட்டேன்.

செல்லசாமி கெட்டவன் இல்லை. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எஞ்சின் அறையில் நிற்கிறான். தோட்டத்துக்கே நேரச் சங்கு ஊதுகிறவன் அவன்தான். நேரம் தவறாதவன். அதனாலேயே எல்லாவற்றுக்கும் ஒரு கெடு வைத்துவிடுவான்.

அக்டோபர் 10, செவ்வாய்

மாஸ்டர் வீட்டு வேலை கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து வரும் கதியை அளக்க வேண்டும். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். இதில் யார் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் பேர் கொடுப்பாராம்.

எங்கள் பிள்ளைக்கு இது அல்வா. ஸ்டோர் வாசலிலிருந்து கொட்டகலை ஸ்டேசன் வரைக்கும் ரோடு மலையின் இடுப்பைச் சுற்றிப் போகிறது. மேடும் இல்லை பள்ளமும் இல்லை. மைல் கல்லை நாங்கள் கட்டை என்போம். சரியாக மூன்று கட்டை. பள்ளிக்கூடம் ஸ்டேசனுக்குப் பக்கம். ஸ்டோர் வாசலில் ஒரு பெரிய கடிகாரம், ஸ்டேசனில் ஒரு பெரிய கடிகாரம். இரண்டையும் பார்த்து எழுதினால் போதும்.

அக்டோபர் 11, புதன்

அளந்துவிட்டாள். காலையில் ஸ்டோர் கடிகாரத்தில் ஏழு மணிக்குக் கிளம்பினாள், ஸ்டேசன் கடிகாரத்தில் ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தாள். மூன்று மைல், அரை மணி. மணிக்கு ஆறு மைல்!

மத்தியானம் ஸ்டேசனில் இரண்டு மணிக்குக் கிளம்பி ஸ்டோர் வாசலுக்கு மூன்றரைக்கு வந்தாள். மூன்று மைல், ஒன்றரை மணி. மணிக்கு இரண்டு மைல்.

"போகும்போது ஏன்டி அப்படிப் பறக்குற?" என்றேன்.

"நான் பறக்கல அப்பாயி. எப்பவும் போற மாதிரிதான் போனேன்."

காலையில் படிப்பு ஆசையில் கால் தானாக ஓடும், மத்தியானம் பசியில் துவளும். இதுகூடத் தெரியாதா எனக்கு. வகுத்தது சரியா என்று நானும் போட்டுப் பார்த்தேன். சரிதான். கோடு போட்டு அழகாக எழுதிக்கொண்டு போயிருக்கிறாள்.

அக்டோபர் 13, வெள்ளி

படுபாவி.

மாஸ்டர் சிவப்பு மசியில் குறுக்கே கோடு போட்டு, "அளக்காமல் எழுதியது" என்று எழுதிவிட்டார். வகுப்பு நடுவில் எழுந்து நிற்கச் சொல்லி, "யோகேஸ்வரி, நீ மணிக்கு ஆறு மைல் நடக்கிற ஆளா? குதிரை கூட யோசிக்கும்" என்றாராம். எல்லாம் சிரித்திருக்கிறதுகள். வரும் வழியெல்லாம் பின்னால் ஒரு கூட்டம், "உடரட்ட மெனிக்கே வருது, ஓரம் போ! ஓரம் போ!" என்று கத்திக்கொண்டே வந்திருக்கிறது. ரயில் பேர் வைத்துவிட்டார்கள் என் தங்கத்துக்கு.

வந்ததும் வராததுமாகப் பாயில் குப்புறப் படுத்துவிட்டாள். "நான் பாத்ததைத்தான் எழுதினேன் அப்பாயி. பாத்ததைத்தான் எழுதினேன்."

எனக்குத் தெரியாதா. இந்தப் பிள்ளை பொய் சொல்கிற ஜாதியா? அட்டை எத்தனை அங்குலம் போனதென்றுகூட அரை அங்குலம் கூட்டி எழுத மாட்டாள். அளக்காமல் எழுதினாளாம்! அவர் கண்டாரா?

பொய் சொன்னவள் என்று முத்திரை குத்திய பிள்ளைக்கு அந்த மனுஷன் ஹட்டனுக்குப் பேர் கொடுப்பாரா?

அக்டோபர் 14, சனி

செல்லசாமியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. பிள்ளைக்காக என்று நினைத்தேன். இல்லை.

"ஸ்டோரு மணிய நம்பித்தானே எழுதியிருக்கா? அப்ப எங்க மணி தப்புங்கிறாரா அந்த மாஸ்டரு? பன்னெண்டு வருசமா நான் சாவி குடுக்கிற மணி. ஒரு நிமிசம் பிந்தினதில்ல."

"ஒன் மணி கெடக்கட்டும்டா. பிள்ளைய பொய்காரின்னுட்டான்."

"மணி சரின்னா பிள்ளை சொன்னதும் சரிதானே?" என்றான். அதுவும் நியாயம்தான்.

திங்கட்கிழமை நானே போகிறேன். அவள் கூடவே நடந்து, இரண்டு கண்ணாலும் பார்த்து, நானே சாட்சி சொல்கிறேன்.

அக்டோபர் 16, திங்கள்

கால் வலி. மான வலி அதைவிடப் பெரிது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் வெள்ளைச் சேலை கட்டி, விபூதி பூசி, அவளோடு கிளம்பினேன். ஸ்டோர் கடிகாரத்தில் மணி ஏழு. எஞ்சின் அறை ஜன்னலில் செல்லசாமி தலையை நீட்டி, "அம்மா, மெதுவாப் போங்க" என்றான். மெதுவாகவா? நான் கொழுந்துக் காலத்தில் மலை ஏறி இறங்கியவள். பேத்தியோடு சமமாக நடந்தேன். வழியில் ஒரே ஒரு தரம் வெற்றிலைக்கு நின்றேன், அதுவும் வாயில் போடுகிற நேரம்தான்.

ஸ்டேசனுக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறேன். மணி ஏழரை! எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பாத்தியாடி! பாத்தியா! ஆறு மைலு!" அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேராக வகுப்புக்குள் போனேன்.

லெட்சுமணன் மாஸ்டர் சின்ன வயசுக்காரர். தலவாக்கலை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். மரியாதைக்குக் குறைவில்லை, நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"மாஸ்டர் ஐயா, எம் பேத்தி பொய் சொல்லல. இன்னக்கி நானே கூட நடந்து வந்தேன். ஏழுக்குக் கெளம்பினோம், ஏழரைக்கு வந்துட்டோம். சாமி மேல ஆணையா சொல்றேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"பாட்டி, ஒங்களுக்கு என்ன வயசுங்க?"

"அறுபத்தொண்ணு."

"அப்ப நீங்களும் மணிக்கு ஆறு மைல் நடந்து வந்தீங்களா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு மைல் என்றால் ஓட்டம். நான் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு தரம்கூட மூச்சு வாங்கவில்லை. அப்படியானால்?

 அந்த மனுஷன் நல்லவர், சிரித்தவர்களை அதட்டினார். பிறகு யோகேஸ்வரியைப் பார்த்து, "பாட்டி சத்தியம் பண்றாங்க. சரி, நீ அளந்துதான் எழுதினேன்னு நம்புறேன். ஆனா விடை பொய். அளந்தது நெசம், விடை பொய்யின்னா, பொய் எங்க நொழைஞ்சிச்சுன்னு கண்டுபிடிச்சிட்டு வா. மாசக் கடைசி வெள்ளி பேரு குடுக்கணும். அதுவரைக்கும் ஒனக்கு நேரம்" என்றார்.

ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, இரண்டு மணிக்கு அவளோடு திரும்பினேன். வந்த அதே நடைதான். ஸ்டோர் வாசலில் மூன்றரை. ரோடு நம்மைக் கேலி செய்கிறதா என்ன?

அக்டோபர் 17, செவ்வாய்

யோகேஸ்வரிக்கு இதே யோசனைதான். ரோடு சாய்ந்திருக்குமோ என்று ஒரு எலுமிச்சங்காயை நடு ரோட்டில் வைத்துப் பார்த்தாளாம், உருளவில்லை. காற்று எதிர்த்து அடிக்குமோ? புத்தக மூட்டை கனமோ? ஒவ்வொன்றாகக் கேட்டு, அவளே இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொள்கிறாள்.

பீலிக்கரையில் பொன்னையா கங்காணியின் பெண்சாதி, "என்ன ராக்காயி அக்கா, ரயிலோட போட்டி போட்டீங்களாமே?" என்றாள். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நல்ல பதில். வீணாகிவிட்டது.

அக்டோபர் 18, புதன்

சந்தோஷத்தில் எதை முதலில் எழுதுவதென்று தெரியவில்லை. வரிசையாக எழுத வேண்டும்.

அடுப்படியில் அவள் கரித்துண்டால் தரையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். திடீரென்று, "அப்பாயி, இங்க பாருங்க. போறதுக்கு அரை மணி, வர்றதுக்கு ஒன்றரை மணி. ரெண்டையும் கூட்டினா ரெண்டு மணி. போக வர ஆறு மைலு. ஆறை ரெண்டால வகுத்தா?"

"மூணு."

"மணிக்கு மூணு மைலு! அது நீங்க வெத்தலை போட்டுக்கிட்டு நடக்கிற நடைதானே! சேத்துப் பாத்தா சரியா வருது, பிரிச்சுப் பாத்தா தப்பா வருது. மூணு மைலு கதின்னா ஒவ்வொரு தடவையும் ஒரு மணி ஆகணும். போகும்போது அரை மணி காணாம போயிருக்கு. வரும்போது அதே அரை மணி எங்கயோ இருந்து வந்து சேந்துக்குது."

"அரை மணிய யாருடி களவாடுவா?"

அப்போதுதான் வடிவு உள்ளே வந்தாள். நாளைக்குத் தலவாக்கலைக்குப் போய் அவள் தம்பிக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க வேண்டும். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "அத்தே, நாளைக்கு எட்டு மணி ரயிலு. நம்ம சங்குக்கு எட்டரை. அதுக்குள்ள சமைச்சு வச்சிட்டுப் போயிருறேன்" என்றாள்.

யோகேஸ்வரி கையிலிருந்த கரி கீழே விழுந்தது.

எனக்கும் அப்படியே உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. அட கடவுளே!

எங்கள் தோட்டத்து மணி டவுன் மணியைவிட அரை மணி முந்தி. முன்னே இருந்த ஏதோ ஒரு துரை, விடிந்ததும் ஆள் மலைக்குப் போக வேண்டும் என்று தோட்டத்து மணியை மட்டும் முன்னே தள்ளி வைத்துவிட்டுப் போனார். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். ரயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, சினிமாவுக்கு, எதற்குப் போனாலும் அரை மணியைக் கழித்துக்கொண்டுதான் கிளம்புவோம். இந்த லயத்தில் மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரியும். அவ்வளவு தெரிந்ததால்தான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தோட்டத்து ஏழு என்றால் டவுனில் ஆறரை! ஆறரைக்குக் கிளம்பி ஏழரைக்குப் போயிருக்கிறாள். ஒரு மணி. மூன்று மைல். வரும்போது ஸ்டோர் கடிகாரம் காட்டிய மூன்றரை, டவுனில் மூன்று. அதுவும் ஒரு மணி!

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆடிய ஆட்டத்தில் பருப்புச் சட்டி சாய்ந்துவிட்டது. வடிவு பாவம், ஒன்றும் புரியாமல், "நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? ரயிலு இல்லியா நாளைக்கி?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறாள்.

செல்லசாமி வந்ததும் பயந்து பயந்து சொன்னோம், அவன் மணியைக் குறை சொல்கிறோம் என்று நினைப்பானோ என்று.  "மணி சரிதான். துரை வச்ச எடத்துல சரியா ஓடுது" என்றான். பிறகு, "ரெண்டு மணியும் சரி. ஒண்ண வச்சு ஆரம்பிச்சு இன்னொண்ண வச்சு முடிச்சதுதான் தப்பு, இல்லியா பாப்பா?" என்று அவளைக் கேட்டான். பாப்பா என்று அவன் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று.

அக்டோபர் 19, வியாழன்

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாராம். "தோட்டத்துக்குத் தனி மணின்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன். கணக்குக்குள்ள வந்து ஒக்காரும்னு நெனைக்கல" என்றாராம்.

அதற்கப்புறம் மற்றப் பிள்ளைகளின் விடைகளை எடுத்து விரித்திருக்கிறார். எல்லாம் மூன்று மைல், மூன்றரை மைல். அவர்களும் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். ஒரு தோட்டத்தில் மணி முக்கால் மணிகூட முந்தி. அவர்கள் கணக்கெல்லாம் எப்படிச் சரியாக வந்தது? ஒருத்தரும் அளக்கவில்லை! மனுஷர் இவ்வளவுதான் நடப்பார் என்று ஊகித்து எழுதியிருக்கிறதுகள். ரயில் என்று கத்தினானே வடிவேல் என்ற பையன், அவன் பஸ்ஸில் வருகிறவனாம்!

மாஸ்டர் சிவப்புக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டு அடித்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி இவளிடம் கொடுத்திருக்கிறார். போகும்போதும் வரும்போதும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து, கட்டைக்குக் கட்டை நேரம் எழுதிக்கொண்டு வா என்று.

லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது அந்தக் கடிகாரத்தை. கையில் கட்டினால் முழங்கை வரை ஏறிக்கொள்கிறது. துணி சுற்றிக் கட்டினோம்.

அக்டோபர் 20, வெள்ளி

முதல் கட்டைக்கு இருபது நிமிஷம். இரண்டாவதுக்கு நாற்பது, ஒன்றோ இரண்டோ கூடக் குறைய. மூன்றாவதுக்கு ஒரு மணி. இதைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து இழுத்திருக்கிறாள். கோடு வளையாமல் நேராகப் போகிறது. கோடு நேராக இருந்தால் சீரான கதி என்று அர்த்தமாம். கோடு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு வேகமாம். என் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் ஓட்டிக் காட்டினாள்.

ஒரு நடையைத் தாளில் பார்க்க முடியும் என்று இத்தனை வயசில் இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் 27, வெள்ளி

பேர் கொடுத்துவிட்டார். யோகேஸ்வரி, இன்னொன்று கடைக்காரர் வீட்டுப் பையன்.

கற்பூரம் வாங்க வேண்டும். இந்த வெள்ளி எல்லார் பேரும் சொல்ல வேண்டும், மாஸ்டர் பேர் உட்பட. படுபாவி என்று எழுதியதை மேலே போய் அடிக்கலாமா என்று பார்த்தேன். அன்றைக்கு அது நிஜம். இருக்கட்டும்.

நவம்பர் 19, ஞாயிறு

பொன்னையா கங்காணி லயத்துப் பக்கம் வந்தார். "செல்லசாமி, பொம்பளப் பிள்ளைய பஸ்ஸுல ஹட்டனுக்கு விடுறியாமே. நாளைக்கி ஏதாவது ஒண்ணுன்னா நம்மகிட்டத்தான் வந்து நிப்பே. பேரைப் பதிஞ்சிட்டா கண்ணு முன்னால இருக்கும்ல" என்றார்.

 நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு செல்லசாமி முகத்தையே பார்த்திருந்தேன். சொன்ன சொல் மாறாதவன்தான், ஆனாலும் பெற்றவன். பயம் யாருக்கில்லை? எனக்கே இருக்கிறது. அவளிடம் காட்டுவதில்லை.

1962 ஜனவரி 13, சனி

பொங்கல் வேலை. ஆனால் வடிவுக்கு வேறு ஞாபகம். அரிசி புடைத்துக்கொண்டே, "அத்தே, திங்கக்கிழமை எனக்கு ஒம்பதாம் நம்பர் மலை. அங்கருந்து பாத்தா கீழ ஹட்டன் ரோடு தெரியும். அவ போற பஸ்ஸு எந்நேரம் அந்த வளைவுக்கு வரும்னு ஒங்களுக்குச் சொல்ல முடியுமா?" என்றாள்.

என்னைக் கேட்டாள்! யோகேஸ்வரியிடம் கேட்காமல் என்னை.

போட்டேன். பஸ் கொட்டகலையில் டவுன் மணி ஏழுக்குக் கிளம்பும். ஹட்டன் நாலு கட்டை, இருபது நிமிஷத்தில் போகும் என்று கண்டாக்டர் சொன்னார். அப்படியானால் ஒரு கட்டைக்கு அஞ்சு நிமிஷம், மணிக்குப் பன்னிரண்டு மைல். மலைக்குக் கீழே உள்ள வளைவு இரண்டாம் கட்டையில். பத்து நிமிஷம். டவுன் ஏழு என்றால் நம் ஏழரை. "ஏழரைச் சங்கு கேட்டதும் பஸ்ஸு கெளம்பிருச்சுன்னு வச்சுக்க. அதுக்கப்புறம் பத்து நிமிசம்."

"மலையில எனக்கு ஏது மணி?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அந்த மலையில ஒரு நெரை செடி எடுத்து முடிக்க எனக்கு இருபது நிமிசம் ஆகும், கூடாது குறையாது. அப்ப சங்கு கேட்டு நெரை தொடங்கினா, பாதி நெரையில நிமிந்து பாக்கணும். சரியா அத்தே?"

சரிதான்டி, என் கண்ணே.

ஜனவரி 15, திங்கள்

கங்காணி நேற்றே வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போனார், நாளைக்குப் பேர் பதிய யாராவது உண்டா என்று. செல்லசாமி, "இந்த வீட்டுல இல்லீங்க" என்றான். அவ்வளவுதான். 

காலையில் அவன் வேலையை வேறொருவனிடம் சொல்லிவிட்டு, கொட்டகலை வரை அவளோடு நடந்துபோய் பஸ் ஏற்றிவிட்டு வந்தான். நான் போகவில்லை. போயிருந்தால் அழுதிருப்பேன்.

வடிவு வேலை விட்டு வந்ததும் கூடையைக்கூட இறக்கவில்லை. நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"அத்தே, பாதி நெரைக்கு இன்னும் நாலஞ்சு செடி இருந்துச்சு. சத்தம் கேட்டுச்சு. நிமிந்தேன். வந்துருச்சு!"

"அவளத் தெரிஞ்சுதா?"

"எங்க தெரியுது, அவ்வளவு தூரத்துல. ஆனா ஜன்னல்ல ஒரு கை ஆடிச்சு. வளைவு திரும்புற வரைக்கும் ஆடிச்சு. நெரையில எல்லாரும் நிமிந்துட்டோம் அத்தே. கங்காணி கத்துவாருன்னு பாத்தா, அவரும் நின்னு கீழதான் பாத்துக்கிட்டிருந்தாரு."